வீடு போன பிறகும் இருக்கும் வரைபடம்



வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுப் பதிவுதான். இந்த முறை கோயிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. நம் காலத்துக் கலைஞர்கள் நான்கு பேரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடைசியில் உங்கள் எல்லோருக்கும் வீட்டுப்பாடம் ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் அந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

லண்டனில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி 2025-இல் அங்குள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்பியிருந்தாள். "டீச்சர், ஒருத்தர் தன் வீட்டையே துணியில் தைத்து வைத்திருக்கிறார்" என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. ஓர் ஊரையோ வீட்டையோ, அங்கே காலே வைக்காத ஒருவருக்குக் கலைஞர் எப்படி உணர்த்துகிறார்? தேடிப் படிக்கப் படிக்க, கண்டமும் மொழியும் வேறான நான்கு பேர் ஏறக்குறைய ஒரே வழியில் போயிருப்பது தெரிந்தது.

முதலில் பழைய வழியைச் சொல்லிவிடுகிறேன். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1786-இல் இந்தியா வந்தார்கள். வடக்கே சுற்றி முடித்து 1792-இல் நம் பக்கம் வந்தார்கள். மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் எல்லாம் வரைந்தார்கள். அருமையான படங்கள். ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். கோபுரம் தெரியும், மலை தெரியும், மரத்தடியில் நாலு பேர் நிற்பார்கள். ஆனால் அது வழிப்போக்கரின் பார்வை. தூரத்தில் நின்று பார்த்து, வரைந்துகொண்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறவரின் கண். அந்த மரத்தடியில் நிற்பவரின் வீட்டுக்குள் அடுப்பு எந்த மூலையில் இருந்தது என்று அந்தப் படம் சொல்லாது.

வீட்டுக்குள் இருந்தவர் அந்த இடத்தை வேறு மாதிரி வைத்திருப்பார். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான். வரைபடம் சொல்லிக்கொடுக்கும்போது, முதலில் வகுப்பறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையச் சொல்வேன். பலகை எங்கே, கதவு எங்கே, வடக்கு எந்தப் பக்கம். அது முடிந்ததும் அவரவர் வீட்டை வரைந்து வரச் சொல்வேன். உங்களில் பலர் வரைந்திருக்கிறீர்கள். ஒரு பிள்ளை கோழிக்கூட்டை வீட்டைவிடப் பெரிதாக வரைவான். ஒருத்தி அப்பத்தா படுக்கும் கயிற்றுக் கட்டிலை மட்டும் வண்ணம் தீட்டிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பாள். அளவெல்லாம் தாறுமாறாக இருக்கும். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் சொல்லப்போகும் நான்கு பேரும் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் செய்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலாமவர் ரேச்சல் வைட்ரீட், இங்கிலாந்துச் சிற்பி. லண்டனின் கிழக்குப் பகுதியில் குரோவ் ரோடு என்ற தெருவில் வரிசையாகத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் இருந்தன. பூங்கா அமைப்பதற்காக ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியாக மிஞ்சியது 193-ஆம் எண் வீடு. 1993-இல் வைட்ரீட் அந்த வீட்டின் உட்பக்கச் சுவர்கள் முழுவதும் காங்கிரீட்டைப் பீய்ச்சி அடிக்க வைத்தார். அது இறுகியதும் வெளிச்சுவர்களின் செங்கல்லைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சி நின்றது என்ன? அந்த வீட்டுக்குள் இருந்த வெற்றிடம், கெட்டியான காங்கிரீட் உருவமாக. நாம் அச்சு வெல்லத்துக்கு அச்சு பயன்படுத்துகிறோமே, அதில் அச்சை எடுத்தெறிந்துவிட்டு வெல்லத்தை மட்டும் நிறுத்தியதுபோல. கணப்படுப்பின் குழி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஜன்னல், கதவு, சுவிட்சு எல்லாவற்றின் பதிவும் மறுபக்கமாகத் தெரிந்தது.

அதற்கு அவர் வைத்த பெயர் 'வீடு'. அவ்வளவுதான். 1993 அக்டோபர் 25-இல் வேலை முடிந்தது. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சுவரில் ஒருவர் "எதுக்கு இது?" என்று எழுத, இன்னொருவர் "ஏன் கூடாது?" என்று பதில் எழுதினார். நவம்பரில் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு வைட்ரீட்டுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அதே நாளில் உள்ளூர் நிர்வாகம் அந்தச் சிற்பத்தை இடிப்பது என்று முடிவெடுத்தது. 1994 ஜனவரி 11-இல் இடித்தார்கள். மொத்தம் பதினோரு வாரம்தான் நின்றது. இப்போது அங்கே புல்தரை.

வைட்ரீட் அந்த வீட்டில் வாழ்ந்தவரில்லை. யாரோ வாழ்ந்த வீட்டின் காற்றை அவர் கல்லாக்கிக் காட்டினார். இரண்டாமவர் தன் சொந்த வீட்டையே எடுத்துக்கொண்டவர். ஸரீனா ஹாஷ்மி. வெறும் ஸரீனா என்றே உலகம் அறியும். 1937-இல் அலிகாரில் பிறந்தவர். அப்பா அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஸரீனா படித்தது கணிதம். நான் அவரை விரும்ப இதுவும் ஒரு காரணம். 1958-இல் வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு பாங்காக், பாரிஸ், பான், டோக்கியோ என்று ஊர் ஊராக வாழ்ந்தார். போன இடத்திலெல்லாம் அச்சுக் கலையைக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க்கில் தங்கிவிட்டார். இதற்கிடையே, 1950-களின் இறுதியில் அவருடைய குடும்பம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த வீடு ஒரு நாட்டில், பெற்றோர் இன்னொரு நாட்டில், தான் மூன்றாவது நாட்டில்.

அவர் ஒருபோதும் அலிகார் வீட்டை, மாமரமும் மாலை வெயிலுமாக வரையவில்லை. 1994-இல் அப்பாவின் வீட்டை ஒரு பிளானாகச் செப்புத்தகட்டு அச்சில் பதித்தார். வெறும் கோடுகள். 1997-இல், தான் வாழ்ந்த வீடுகளை ஒன்பது பிளான்களாகப் பதித்து, ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்க்கை என்று பெயர் வைத்தார். நாடு நாடாக அலைந்த ஒரு பெண்ணின் தன்வரலாறு, பத்திரத்தோடு இணைக்கும் வரைபடம்போல இருக்கிறது.

1999-இல் செய்தது 36 மரக்கட்டை அச்சுகளின் தொகுதி. வீடு, வாசற்படி, கதவு, முற்றம், எல்லை, மொழி என்று ஒவ்வொரு சொல்லையும் உருதுவில் எழுதி, அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு ஓர் எளிய வடிவம். நம் ஒன்றாம் வகுப்பு அட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 'அம்மா' என்று எழுதி மேலே படம் இருக்குமே, அதே முறை. பேச ஆளில்லாத ஊரில் ஒரு மொழி மறந்துபோகாமல் இருக்கத் தனக்குத் தானே செய்துகொண்ட அரிச்சுவடி அது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

2001-இல் ஒரே ஒரு கோடு. 1947-இல் இந்தியாவுக்கு அதற்கு முன் வந்தே இராத ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் சுமார் ஐந்து வாரத்தில் போட்ட எல்லைக்கோடு. மரக்கட்டை அச்சில், மை ஒட்ட வேண்டிய கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும். ஆக, அந்தக் கோட்டை அவர் வரையவில்லை. கோட்டைத் தவிர இரண்டு பக்கத்து நிலத்தையும் கொத்திக் கொத்தி எடுத்தார். வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் பிரிவினையை, அந்த வேலை முறையே விளக்கிவிடுகிறது.

2004-இல் வந்தது இன்னொரு தொகுதி. கராச்சியில் இருந்த அக்கா ராணி, பெற்றோர் இறந்தது, வீட்டை விற்றது என்று வீட்டு விஷயங்களைத் தங்கைக்குக் கடிதங்களாக எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்தார். பல ஆண்டு கழித்துக் கையில் கொடுத்தார். ஸரீனா அந்த உருது எழுத்துகளின் மேலேயே வீட்டுப் பிளானையும் ஊர் வரைபடத்தையும் அச்சிட்டார். எழுத்து முழுதாகத் தெரியாது, பிளானும் முழுதாகத் தெரியாது. ஒன்றின் வழியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். 2020-இல் லண்டனில் காலமானார்.

மூன்றாமவர்தான் நம் மாணவி படம் அனுப்பிய டோ ஹோ சூ. 1962-இல் தென்கொரியத் தலைநகர் சியோலில் பிறந்தவர். அப்பா சூ சே-ஓக் பெயர்பெற்ற மை ஓவியர். அவர் 1970-களில், ஊரே அடுக்குமாடிக்கு மாறிக்கொண்டிருந்தபோது, பழைய கொரிய மரபில் மரவீடு ஒன்றைக் கட்டினார். மகன் படிக்க அமெரிக்கா போனார். நியூயார்க்கில் அவர் முதலில் தங்கிய அறை ஒரு தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே. இரவெல்லாம் சைரன் சத்தம். கடைசியாக எங்கே நிம்மதியாகத் தூங்கினோம் என்று யோசித்தபோது சியோல் வீட்டின் சின்ன அறை ஞாபகம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டை டேப் வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தார். கொரிய மரபு உடை தைக்கும் கைத்திறன் உள்ள பெண்களின் உதவியோடு, வெளிர்பச்சைப் பட்டுத் துணியில், முழு அளவில், கதவு ஜன்னல் உத்தரத்தோடு தைத்தார். 1999-இல் லாஸ் ஏஞ்சலிஸில் முதலில் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். எந்த ஊரில் காட்டினாலும் அந்த ஊரின் பெயரைத் தலைப்போடு சேர்த்துக்கொண்டே போகிறார். மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். கொரிய மரவீடுகளைப் பிரித்து வேறிடம் கொண்டுபோய் மறுபடி பூட்டலாம் என்பதால், 'வீட்டை நடத்திக் கூட்டிப்போவது' என்று அங்கே தச்சர்களிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டாம். டேட் மாடர்ன் கண்காட்சியின் தலைப்பே அதுதான்.

இன்னொரு வேலையும் செய்தார். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் விளையாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். கணக்குப் பாடவேளையில் அதற்காக என்னிடம் குட்டு வாங்கியவர்கள் இங்கே நான்கைந்து பேராவது இருப்பீர்கள். சூ அதையே வீட்டுக்குச் செய்தார். நியூயார்க்கில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாடகைக்கு இருந்த வீட்டைக் காலிசெய்யும் முன், 2016-இல், சுவர், சுவிட்சு, குழாய், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் தாளால் மூடி வண்ணப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். ஆங்கிலத்தில் 'தேய்த்தல்', 'நேசித்தல்' என்ற இரண்டு சொற்களும் கொரியர் வாயில் ஒரே மாதிரி ஒலிக்குமாம். அந்தச் சொல் விளையாட்டையே தலைப்பாக வைத்தார். விடைபெறும்போது வீட்டின் உடம்பு முழுவதையும் ஒருமுறை தடவிக் கொடுத்ததுபோல.

நான்காமவர் நம் மொழிக்காரர். தாமோதரம்பிள்ளை சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். ஆசிரியர் என்பதால் எனக்குக் கூடுதல் நெருக்கம். 2011-இல் வெளிவந்த அவருடைய நூல் கலைப்படைப்பின் பெயர் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும்.

தோம்பு என்றால் என்ன என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். போர்த்துக்கீசியர் 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658-இல் டச்சுக்காரர் வந்தார்கள். யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று பதிந்து வைத்த ஏடுதான் தோம்பு. போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. நம் ஊர் வருவாய்த் துறையின் அடங்கல், பட்டா மாதிரி. ஆள வந்தவர் வரி வாங்குவதற்காக எழுதிய ஏடு அது.

இப்போது அந்த மக்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 1995 அக்டோபர் இறுதியில், ராணுவம் நெருங்கியபோது, யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் காலியாகி லட்சக்கணக்கானோர் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று முள்வேலிக்குள் போன ஊர்கள் எத்தனையோ. வீடு போனது, வீட்டுப் பத்திரமும் போனது.

சனாதனன் இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, விட்டு வந்த வீட்டின் பிளானை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அப்படி 80 வரைபடங்கள். நூலில் ஒவ்வொன்றும் மூன்று அடுக்காக இருக்கிறது. முதலில் அந்த மனிதர் கையாலே போட்ட கோணல்மாணல் கோடு. அதற்கு மேல் டிரேசிங் தாளில், கட்டட வரைஞர் அளவாகப் போட்ட பிளான். அடுத்து, அந்த வீட்டை மனதில் வாங்கிச் சனாதனன் வரைந்த ஓவியம். மொத்த நூலும் அரசு அலுவலகக் கோப்பின் வடிவில் இருக்கிறது. வரிக்காக அரசு எழுதிய தோம்பு ஒன்று இருந்தது. வீட்டை இழந்தவர் தாமே எழுதிக்கொண்ட தோம்பு இது. 80 வீட்டோடு அது முடிந்துவிடவில்லை என்பதால்தான் முற்றுப்பெறாதது.

நான்கு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரும் வெளியே நின்று அழகான காட்சியாக இடத்தை வரையவில்லை. ஒருவர் வெற்றிடத்தை வார்த்தார். ஒருவர் கோடாகச் சுருக்கினார். ஒருவர் தொட்டுத் தேய்த்தார். ஒருவர் பிறர் நினைவைச் சேகரித்தார். நான்கிலும் இருப்பது உள்ளே வாழ்ந்தவருக்கு மட்டும் தெரிந்த விவரம். எத்தனை எட்டில் அடுக்களை, இருட்டில் கை எங்கே போய்ச் சுவிட்சைத் தேடும், எந்தக் கதவுக்குத் தலை குனிய வேண்டும். ஓர் இடம் நமக்குள் புகைப்படமாக இருப்பதைவிட இப்படித்தான் அதிகம் இருக்கிறது. அதனால்தான் கொரிய வீட்டைப் பார்க்கும் கிழக்கு லண்டன்காரருக்கும் தன் வீடு ஞாபகம் வருகிறது. வரலாறு எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அரசு ஏட்டில் இருப்பது சர்வே எண்ணும் பரப்பளவும். அந்த வீட்டில் எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அது வாழ்ந்தவர் நினைவில்தான் இருக்கிறது. அவரோடு போய்விடும்.

இனி வீட்டுப்பாடம். முதலில் சொந்தக்காரர்களுக்கு.

நம் பெரிய வீட்டைத் தை மாதம் இடிப்பது என்று முடிவாகிவிட்டது உங்களுக்குத் தெரியும். ஓடு மாற்ற ஆளில்லை, பங்கு ஐந்து, இருப்பவர்கள் ஐந்து ஊரில். நான் குறுக்கே நிற்கவில்லை. பூட்டிக் கிடந்து மழையில் கரைவதைவிட இது மேல். ஆனால் அதற்கு முன் பெரியண்ணன், மதினி, அத்தை, சின்னம்மா மக்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தாளில் அந்த வீட்டின் பிளானை வரைந்து எனக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் வரைந்ததை ஒருவர் பார்க்கக் கூடாது. போட்டோவைப் பார்த்தும் வரையக் கூடாது. அத்தைக்கு வயது 84, கை நடுங்கும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள்.

மாணவப் பிள்ளைகளுக்கும் இதே வேலைதான். உங்கள் தாத்தா பாட்டி வீடு, இடித்த வீடு, விற்ற வீடு, வாடகைக்கு இருந்த வீடு, எதுவானாலும் சரி. சொந்த வீடு இல்லாதவர்களும் வரையுங்கள். ஸரீனா வரைந்ததில் பாதிக்கு மேல் குடிபோன வீடுகள்தான்.

வரையும் முறை மூன்றாம் வகுப்பில் சொன்னதுதான். முதலில் வடக்கைக் குறியுங்கள். வாசலிலிருந்து தொடங்கி, நடந்து போவதுபோலக் கோடு போடுங்கள். அளவு தெரியாவிட்டால் எட்டுக் கணக்கில் எழுதுங்கள். கிணறு, தொழுவம், அம்மி, உரல், மாடக்குழி, மரம் எதையும் விடாதீர்கள். யார் எங்கே படுத்தார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். மழை பெய்தால் எங்கே ஒழுகும், எந்தப் படி ஆடும், எந்தச் சுவரில் உயரம் அளந்து கோடு போட்டீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். அடியில் தேதி, பெயர். ஞாபகம் இல்லாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம்.

எல்லாம் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இப்போதே ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடிக்கு மூன்று படி என்கிறார் பெரியண்ணன், நான்கு என்கிறார் அத்தை. நேரில் போய் எண்ணிவிடலாம், வீடு இன்னும் நிற்கிறது. ஆனால் தை வரை யாரும் எண்ண வேண்டாம். முதலில் வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்